மாக்கப் போட்டால் இரவல் சட்டையா?

நுனிக்கோடு:
நேற்று வேறொரு இழையில் அச்சுமை என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால் தனியாகவே எழுதுகிறேன். அவர் சொன்னது இது: “வீட்டிலிருந்தே கிராஃபிக் டிசைன் படித்தவர்களின் போர்ட்ஃபோலியோவை, அதாவது வேலைத் தொகுப்பைத் திறந்தால் எல்லாப் பக்கமும் மாக்கப். மாக்கப் என்பது இரவல் சட்டை. கழற்றினால் உள்ளே ஆள் இல்லை.” மாக்கப் என்றால், நம் டிசைனைப் பெட்டி, கைப்பேசி போன்ற ஒரு பொருளின் ஆயத்தப் படத்துக்குள் ஒட்டி, செய்து முடித்த பொருள் போலக் காட்டும் படம். அதற்கு எடுத்துக்காட்டாக நான் டிசைன் செய்த சோப்புப் பெட்டியைக் காட்டி, அதில் பசை தடவும் ஓரமான ஒட்டும் மடிப்பே இல்லை என்றும் எழுதியிருக்கிறார்.

நான் வீட்டிலிருந்தே படித்தவள். ஒன்பது மாதம், ஆறு பிராஜெக்ட். லோகோவுக்கு மட்டும் 14 வரைவு, ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் கோப்பின் மேலேயே குறிப்பு எழுதுவார், நான் திருத்துவேன், திரும்ப அனுப்புவேன். 16 பக்கச் சிற்றேடு, கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நான்கு காற்றுகளையும் எழுத்தாலேயே வரைந்த ஒரு போஸ்டர், மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலியின் திரைகள், இப்படி எல்லாவற்றையும் ஒரே மடிக்கணினியில் செய்தேன். இரவு பதினொரு மணிக்குத்தான் நெட் ஒழுங்காகக் கிடைக்கும், அப்போதுதான் கோப்புகளை ஏற்றுவேன். அந்த உழைப்பை எல்லாம் இரவல் சட்டை என்று ஒருவர் ஒரே வரியில் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார். கடைசிப் படமாக ஒரு மாக்கப் வைத்ததுதான் குற்றமா?

அச்சுமை:
நான்தான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் சோப்புப் பெட்டி மாக்கப்பில் அழகாக நிற்கிறது. ஏன் நிற்கிறது? அந்த மாக்கப்பைச் செய்தவர் வேறு யாரோ, நீங்கள் அதில் படம் மாற்றுவதற்கென்று இருக்கும் அடுக்கை, அந்த ஸ்மார்ட் ஆப்ஜெக்டைத் திறந்து உங்கள் படத்தை உள்ளே ஒட்டினீர்கள், நிழலும் வெளிச்சமும் அட்டையின் மடிப்பும் அவருடையவை. இரவல் சட்டை என்று சொன்னது அதைத்தான். உண்மையான பெட்டி என்றால் விரிப்பு, அதாவது பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரித்த வடிவம், வரைய வேண்டும், வெட்டுக்கோடு வேறு, மடிப்புக்கோடு வேறு, ஓரத்தில் ஒட்டும் மடிப்பு, அதன்மேல் பசை பிடிக்க மை படாத இடம், வெட்டு சற்று நகர்ந்தாலும் வெள்ளை தெரியாதபடி வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் வண்ணம், அதாவது பிளீட். இதில் ஒன்று இல்லையென்றாலும் பெட்டி பெட்டியாகாது. மாக்கப்புக்கு இது எதுவும் வேண்டாம், தப்பான பெட்டியையும் சரியான பெட்டி போலவே காட்டும். ஒரே ஒரு முறை அதைத் தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வகுப்பறையில் படித்தவன் அதைச் செய்வான், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவன் செய்வதைப் பார்ப்பான். வீட்டில் யாரைப் பார்ப்பது?

நுனிக்கோடு:
முதலில், நான் தம்பி இல்லை. “படித்தவள்” என்று எழுதியிருக்கிறேன், அதைக்கூடப் படிக்கவில்லை.

இரண்டாவது, ஒட்டும் மடிப்பு இருக்கிறது. விரிப்பு தனிப் பக்கமாகவே இருக்கிறது. நீங்கள் மாக்கப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டிவிட்டீர்கள். அப்படியானால் மாக்கப்பை மட்டும் நம்புகிறவர் யார், நானா நீங்களா?

திரைவாசி:
இந்தச் சண்டையே எனக்குப் புரியவில்லை. இன்று வேலைக்கு எடுக்கிற இடங்களில் பாதிக்கு மேல் திரைக்கான வேலை. செயலியின் திரைகளைக் கைப்பேசிச் சட்டத்துக்குள் வைத்துக் காட்டினால் அதுவும் மாக்கப்தான். அதையும் அச்சடித்து மடித்துப் பார்க்கச் சொல்வீர்களா? எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளிர்வு வேறுபாடு இருக்கிறதா, விரலால் தொடும் பொத்தான் ஆப்பிள் சொல்லும் 44 புள்ளி அளவுக்காவது இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தாராளமாகக் கற்கலாம். ஃபிக்மா என்ற இணையவழி டிசைன் மென்பொருள் இருந்தால் போதும். ஆசிரியரும் மாணவரும் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் கை வைக்க முடிகிறது, பக்கத்து மேஜையில் இருந்தால்கூட அந்த வசதி கிடைக்காது.

அச்சுமை:
ஃபிக்மா! வந்துவிட்டது ஃபிக்மா. அதிலிருந்து வரும் பிடிஎஃப் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான நிறம், அச்சின் நான்கு மைக்கான சிஎம்ஒய்கே அதிலேயே கிடையாது, அது தெரியாமலே போஸ்டரை அதில் செய்து அனுப்புகிறவர்கள் எத்தனை பேர் என்று அச்சகத்தில் நின்று பார்த்தால் தெரியும். திரையில் பளீரென்று எரிகிற பச்சை தாளில் களைத்துப்போன பச்சையாக வரும், ஏனென்றால் நான்கு மையால் அந்தப் பச்சையைத் தொட முடியாது. உடனே “பிரஸ்காரன் கெடுத்துவிட்டான்” என்று பழி நம் தலையில். 17 வருடம் அந்தப் பழியைச் சுமந்தவன் நான். சின்ன எழுத்துக்கு நான்கு மையையும் கலந்து கறுப்பு போட்டு அனுப்புவார்கள், தட்டு ஒரு முடியளவு நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் நிழல் விழும். தனிக் கறுப்பு மையில் போட்டிருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. தங்க நிறம் என்று மாக்கப்பில் மின்னும், கோப்பைத் திறந்தால் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மெல்ல மாறும் ஒரு கிரேடியன்ட், ஃபாயில் என்ற மின்னும் தாளுக்கென்று தனித் தகடுக்கான அடுக்கே இருக்காது. மாக்கப் இதைச் சொல்லுமா? சொல்லாது. இரவல் சட்டைக்கு உடம்பின் அளவு எப்படித் தெரியும்?

வளைகோடு:
நான் இணையவழி வகுப்பு எடுப்பவன், அதனால் இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாமா? அச்சுமை ஐயா சொல்வது கையால் மடித்துச் செய்யும் டம்மி. நுனிக்கோடு சொல்வது காட்சிக்காக வைக்கும் படம். இரண்டையும் நாம் மாக்கப் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதைத் தெளிவுபடுத்தினால் பாதிச் சண்டை தீரும்.

அப்புறம் தூரத்திலிருந்து கற்பதை ஏதோ நேற்று முளைத்தது போலப் பேச வேண்டாம். 1948-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூல் தபால் வழியாகவே ஓவியமும் விளம்பரப் படமும் சொல்லிக் கொடுத்தது. மாணவர் வரைந்து அனுப்புவார், ஆசிரியர் அதன்மேல் மெல்லிய டிரேசிங் தாளை விரித்துத் திருத்தத்தை வரைந்து, கடிதமும் எழுதித் திருப்பி அனுப்புவார். கார்ட்டூன் ஓவியர் சார்லஸ் ஷுல்ஸ் படித்ததும் வேறொரு தபால் வழிப் பள்ளியில்தான், பின்னால் அங்கேயே ஆசிரியராகவும் வேலை பார்த்தார். திருத்துகிறவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, அவர் கவனமாகப் பார்க்கிறாரா என்பதுதான் முக்கியம். நான் திரையைப் பகிர்ந்து வண்ணம் பார்ப்பதே இல்லை, காணொளி அழைப்பில் நிறம் சுருங்கி மங்கி வரும், அதனால் பிடிஎஃப் அனுப்பச் சொல்லி என் கணினியில் திறந்து ஒவ்வொரு மையாக அணைத்துப் பார்க்கிறேன்.

அச்சுமை:
நல்ல எடுத்துக்காட்டு கொடுத்தீர்கள். தபாலில் போனது என்ன? தாள். ஆசிரியர் மேலே விரித்தது என்ன? தாள். திரும்பி வந்ததும் தாள். அந்தப் பள்ளிக்கூடம் நான் சொல்வதைத்தான் செய்திருக்கிறது. நன்றி.

எட்டாம்புள்ளி:
வந்துவிட்டார் தாள் வாத்தியார். நண்பர்களே, இவரை எனக்கு நன்றாகவே தெரியும். போன வருடம் என் பேனர் கோப்பைப் போட்டு யோசனை கேட்டபோது “40 அடி பேனருக்கும் 300 டிபிஐ இல்லையென்றால் அது டிசைனே இல்லை” என்று எல்லோர் முன்னாலும் எழுதினார். டிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 அடி என்றால் 480 அங்குலம், 300-ஆல் பெருக்கினால் 1,44,000 பிக்சல். ஃபோட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கம் 30,000 பிக்சலுக்கு மேல் போகவே போகாது. தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அவ்வளவு தேவையும் இல்லை, கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்குத்தான் 300. அன்று என்னை முட்டாளாக்கிவிட்டுப் போனவர் இன்று வரைக்கும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அச்சுமை:
பேனர் கதையை இங்கே இழுக்க வேண்டாம். அன்று நான் சொன்னது பேனரின் கீழே இருந்த சின்ன எழுத்தைப் பற்றி.

எட்டாம்புள்ளி:
“40 அடி பேனருக்கும்” என்று எழுதினீர்கள். என்னிடம் படம்பிடித்து வைத்த நகல் இருக்கிறது.

அச்சுமை:
வைத்துக்கொள்ளுங்கள். அம்மா நுனிக்கோடு, உங்களிடம் கேட்கிறேன், அந்த 16 பக்கச் சிற்றேட்டை ஒரு தடவையாவது தாளில் மடித்துப் பார்த்தீர்களா? நடுவில் பின் அடிக்கும் சிற்றேட்டில் முதல் பக்கமும் 16-ஆம் பக்கமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரும், 8-உம் 9-உம் நடுவில் வரும், பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இல்லையென்றால் வெற்றுப் பக்கம் விழும். உள்தாள்கள் மடிப்பில் வெளியே தள்ளும், ஓரத்தை வெட்டும்போது நடுப்பக்கத்தின் விளிம்பு குறையும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைச் சரியாகப் பார்க்காமல் அடுக்கிவிட்டு 2,000 பிரதி கழிவுக்குப் போனது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை, அந்தக் கட்டுகளை என் மேஜைக்குப் பக்கத்திலேயே ஒரு மாதம் வைத்திருந்தார். தினமும் அதைத் தாண்டித்தான் போய் உட்காருவேன். இந்தப் பாடத்தை எந்தக் காணொளியும் கொடுக்காது. அதனால்தான் கத்துகிறேன், எனக்கு உங்கள்மேல் பகை ஒன்றும் இல்லை.

நுனிக்கோடு:
“தம்பி” போய் “அம்மா” வந்துவிட்டது. நுனிக்கோடு என்றே கூப்பிடலாம், அதில் என்ன கஷ்டம்?

மடித்தேன். ஏ4 தாளை எடுத்து மடித்து, பக்க எண் எழுதி, ஊசியால் தைத்து வைத்துக்கொண்டுதான் பக்கங்களையே அமைத்தேன். அதைப் படம் எடுத்துப் போர்ட்ஃபோலியோவில் போட்டும் இருக்கிறேன். அச்சடிக்கத்தான் இல்லை. என்னிடம் பிரின்டர் இல்லை. அச்சு நிறங்களை எண்ணோடு காட்டும் பான்டோன் அட்டைப் புத்தகம் வீட்டில் வைத்துப் படிக்கும் மாணவி எத்தனை பேர்? 2022-இல் அடோபி மென்பொருள்களிலிருந்தே பான்டோன் வண்ணத் தொகுப்புகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். இருக்கிற கருவியை வைத்து, மென்பொருளில் அச்சு முன்னோட்டத்தைப் போட்டு, நான்கு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டும் இடங்களைத் தேடித் தேடிக் குறைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை முழுவதும் போயிருக்கிறது. அதை யாரும் மாக்கப்பில் பார்க்க முடியாது, உண்மைதான். நீங்களும் பார்க்கவில்லை, ஏனென்றால் நீங்கள் திறந்ததே மாக்கப்பைத்தான்.

மெய்யெழுத்து:
எல்லோரும் பெட்டியிலேயே நிற்கிறீர்கள். நான் அந்தக் காற்று போஸ்டரைத் திறந்து பார்த்தேன். பெரிய எழுத்துகள் கையால் வரைந்தவை, அருமையாக இருக்கின்றன, குறிப்பாக “வாடை”யின் வளைவு. ஆனால் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விளக்கத்தில் “கொண்டல்” உடைந்திருக்கிறது. ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் நிற்க வேண்டும், இங்கே இரண்டும் சேர்ந்து ககரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. “கோடை”யிலும் அதே கதி. எழுத்துரு மேல் தப்பில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் அந்த உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, அதைப் பிரித்து முன்னும் பின்னும் வைப்பது மென்பொருளின் வேலை. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது நடக்காது. தமிழில் டிசைன் படிக்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய விஷயம் இது. பிளீட், மை, மாக்கப் என்று இத்தனை பேசினீர்கள், உடைந்த தமிழ் எழுத்து ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அச்சுமை:
பார்த்தீர்களா? மாக்கப்பில் அந்தச் சின்ன எழுத்து தெரியவே இல்லை. தாளில் அடித்திருந்தால் முதல் பிரதியிலேயே தெரிந்திருக்கும். நான் சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அப்புறம் ஒன்று, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த காலத்தில் கொம்பு உடைகிற பிரச்சினையே வந்ததில்லை. அடித்தது அடித்தபடி வந்தது.

மெய்யெழுத்து:
மன்னிக்கவும், இதை என்னால் விட முடியாது. தாளில் அடித்தாலும் உடைந்த எழுத்து உடைந்தேதான் வந்திருக்கும், திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். இது தாளுக்கும் திரைக்கும் உள்ள சண்டையே இல்லை.

பாமினியைப் பற்றிப் பெருமையாகப் பேசாதீர்கள். அதில் கொம்பைத் தனி எழுத்தாக முன்னால் தட்டினீர்கள், அதனால் உடையவில்லை. ஆனால் அந்தப் பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகல் எடுத்து ஒட்டிப் பாருங்கள், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளியும் மற்ற இடமெல்லாம் ஆங்கில எழுத்துமாக வரும். தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் கணினி அதைப் படிக்க முடியாது. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் அச்சகங்கள் “பாமினியில் அனுப்புங்கள்” என்று கேட்பதால்தான் புதிதாகப் படித்து வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். நான் எழுத்துரு வேலை செய்கிறவன், ஒவ்வொரு முறையும் இந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அச்சுமை:
அச்சகம் கேட்பது மாற்றி வைத்த கோப்பு, எழுத்தை அவுட்லைன், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிக் கொடுங்கள் என்பதுதான். அதில் என்ன தப்பு?

மெய்யெழுத்து:
உடைந்த எழுத்தை அவுட்லைன் ஆக்கினால் உடைந்த அவுட்லைன் கிடைக்கும்.

வளைகோடு:
மறுபடியும் கேட்கிறேன், மாக்கப் என்று எதைச் சொல்கிறோம் என்று யாராவது சொல்லுங்களேன்.

திரைவாசி:
செயலித் திரைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர் செய்ததிலேயே நன்றாக வந்தது அதுதான். முதியவர் ஒருவரிடம் கொடுத்துத் தட்டச் சொல்லி, எங்கே தடுமாறினார் என்று குறித்து, “எடுத்துவிட்டேன்” பொத்தானைக் கீழே இறக்கியிருக்கிறார். அந்தக் குறிப்பு ஒன்றே போதும், நான் நேர்காணலுக்குக் கூப்பிடுவேன். போர்ட்ஃபோலியோவில் யோசனை எப்படி நகர்ந்தது என்று தெரிய வேண்டும், தாள் எத்தனை கிராம் என்று யார் கேட்டார்கள்?

அச்சுமை:
நான் கேட்கிறேன். 300 கிராம் அட்டையை மடிப்புக்கோடு அழுத்தாமல் மடித்தால் மடித்த இடத்தில் மை வெடித்து வெள்ளை தெரியும். யோசனை நகர்ந்தால் மட்டும் அட்டை மடிந்துவிடாது.

எட்டாம்புள்ளி:
40 அடி பேனர்?

நுனிக்கோடு:
மெய்யெழுத்து சொன்னதைப் பார்த்தேன், உண்மைதான், கீழ் விளக்கத்தை வேறு கோப்பிலிருந்து ஒட்டியபோது கம்போசர் மாறியிருக்கிறது. உடனே திருத்தி ஏற்றிவிட்டேன். இப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், எந்த வரி, எந்த எழுத்து, எங்கே போய்த் திருத்த வேண்டும் என்று சொன்னார். “இரவல் சட்டை” என்றால் நான் எதைத் திருத்துவது? என்னோடு படித்தவர்களில் நான்கு பேர் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்திக்கு மென்பொருள் ஓடும் கணினி இல்லை, இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில் செய்து பார்த்தாள், அதில் சிஎம்ஒய்கேவும் உண்டு, நன்றாகவே செய்தாள், ஆனால் இதுபோல ஒருவர் “இதெல்லாம் டிசைனா” என்று எழுதிய அன்றோடு நிறுத்திவிட்டாள். அது என் மனதில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்கினேன். பெட்டியின் விரிப்பு ஒன்பதாம் பக்கம். திறந்து பாருங்கள்.

அச்சுமை:
திறந்தேன். ஒட்டும் மடிப்பு 6 மி.மீ. இருக்கிறது. சின்னப் பெட்டிக்கும் 10 மி.மீ.யாவது விடுவோம். போதாது.

நுனிக்கோடு:
நேற்று “மடிப்பே இல்லை” என்றீர்கள். இன்று “போதாது” என்கிறீர்கள்.

அச்சுமை:
போதாது என்றால் பெட்டி நிற்காது. மாக்கப்பில் நிற்கிறது. நேற்றிலிருந்து இதைத்தானே சொல்கிறேன்.

நுனிக்கோடு:
இல்லை, நேற்றிலிருந்து நீங்கள் சொன்னது உள்ளே ஆளே இல்லை என்று. ஆள் இங்கேதான் இருக்கிறாள்.

எட்டாம்புள்ளி:
பேனருக்கு இன்னும் பதில் வரவில்லை. நகலைப் போடட்டுமா?